கீழே கூட்டும் ஒன்று

ரப்பர்ப் பாலை ஸ்டோரில் எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த பஞ்சாலை முதலில் கதவைத்தான் பார்த்தாள். துடைத்திருந்தார்கள்.

அடுப்படிக் கதவுதான் அவளுடைய கரும்பலகை. தோட்டத்து ஸ்டோரில் மிஞ்சிய கறுப்புச் சாயத்தைக் கேட்டு வாங்கி வந்து புருஷன் முருகையா பூசிக் கொடுத்தான். இரண்டு வருஷமாக அதில் அவள் கையெழுத்தைத் தவிர வேறு எழுத்து விழுந்ததில்லை. அன்று விடியுமுன் பிரட்டில் பேர் கொடுக்கக் கிளம்பும்போதுகூட மகளுக்குக் கணக்குப் போட்டு வைத்துவிட்டுத்தான் போனாள். இப்போது அவள் எழுதியதில் ஒன்றும் இல்லை. வேறு யாரோ எழுதிய எண்கள் இருந்தன. உருண்டையான, சாயாத எண்கள்.

"வாங்கக்கா," என்றது ஒரு குரல்.

தன் வீட்டுக்குள் தன்னையே ஒருத்தி வாங்க என்கிறாள். பஞ்சாலை வாளியைக் கீழே வைத்தாள்.

பாயில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். வெளிர்நீலச் சேலை. பவுடர் வாசம். ஒரு பக்கம் மகள் தவமணி ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மறுபக்கம் பக்கத்து வீட்டுச் சிறுமி பூங்காவனம், மடியில் தூங்கும் தம்பியோடு. நடுவில் குவியலாக ஈர்க்குச்சிகள்.

பஞ்சாலைக்குக் குச்சிகளை அடையாளம் தெரிந்தது. அவளுடைய துடைப்பம்.

"நம்ம பெரிய ரோட்டுப் பள்ளிக்கூடத்து டீச்சரு," என்றான் முருகையா, வாசலிலிருந்து. "சீதாலெட்சுமி. தெமியாங்கிலேர்ந்து பஸ் ஏறி வந்திருக்காங்க. புள்ளைக்குப் புதுக் கணக்குச் சொல்லிக் குடுக்க."

"தொடப்பத்த யாரு பிரிச்சா?"

"குச்சி வேணும்னாங்க. நாந்தான் பிரிச்சேன்."

"நல்ல வேல பண்ணுன."

அதற்கு மேல் விருந்தாளி முன்னால் பேச முடியாது. கைகால் கழுவப் பின்பக்கம் போனாள். விரலில் காய்ந்த பாலை உரித்துக்கொண்டே உள்ளே காதைக் கொடுத்தாள். மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். கணக்குப் பாடத்தில் தவமணி சிரித்து அவள் கேட்டதில்லை.

தவமணிக்கு ஏழு வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, நெஞ்சைத் தொட்டுவிட்டுப் போனது. இரண்டு வருஷம் ஓடக் கூடாது, தூரம் நடக்கக் கூடாது என்று செரம்பான் பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். புக்கிட் பாலிங் தோட்டத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு மூன்று மைல், பாதி தூரம் மேடு. பிள்ளை வீட்டிலேயே இருந்தாள். பஞ்சாலை தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தவள். அந்த வருஷம் முதல் மாணவியும் அவள்தான். அதற்கு மேல் படிக்க வைக்க வீட்டில் ஆளில்லை. தெரிந்ததையெல்லாம் மகளுக்குக் கொடுத்தாள். எழுத்து, வாசிப்பு, பன்னிரண்டு வரை வாய்ப்பாடு, கூட்டல், கழித்தல். காலையில் பெரியவர்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனதும் பூங்காவனம் தம்பியைத் தூக்கிக்கொண்டு துணைக்கு வருவாள். தம்பியைப் பார்க்க ஆளில்லாததால் அவளை யாரும் பள்ளியில் போடவில்லை. துணைக்கு வந்தவளையும் பஞ்சாலை பாயில் உட்கார வைத்துக்கொண்டாள்.

இப்போது டாக்டர் பள்ளிக்கு அனுப்பலாம் என்றுவிட்டார். வரும் ஜனவரியில் தவமணி மூன்றாம் வகுப்பில் சேர வேண்டும். முருகையா பெரிய வாத்தியாரைப் பார்க்கப் போனான். அவர் பிடி கொடுக்கவில்லை. அரசாங்கம் பாடத்திட்டத்தையே மாற்றிவிட்டது, கணக்கு முன்னே மாதிரி இல்லை, இங்குள்ள பிள்ளைகள் இரண்டு வருஷமாகப் புது முறையில் படித்து வருகிறார்கள், வருஷக் கடைசியில் கூட்டி வா, சோதித்துப் பார்க்கிறேன், தேறினால் மூன்றாம் வகுப்பு, தேறாவிட்டால் முதல் வகுப்பு என்றார்.

வயதுக்கு மிஞ்சி வளர்ந்த பிள்ளை அது. முதல் வகுப்புப் பொடிசுகளோடு போய் உட்கார்ந்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது, வீட்டுக்கே திரும்பி வந்துவிடும். அது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி இருவரும் பேசினார்கள். டீச்சரைக் கூப்பிடுவது பற்றி மட்டும் முருகையா வாய் திறக்கவில்லை.

பஞ்சாலை கோப்பி கலக்கிக் கொண்டுவந்து வைத்தாள். பால் கிடையாது. செட்டி வீட்டுப் பெண், தோட்டத்து லயத்து வீட்டில் குடிக்க மாட்டாள் என்று நினைத்தாள். கொஞ்சம் அப்படி எதிர்பார்த்தும் இருந்தாள். டீச்சர் ஒரே மடக்கில் பாதியைக் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் சீனி போடலாமாக்கா?" என்றாள்.

வெறுக்க ஒரு காரணம் கைநழுவிப் போனது.

"இப்ப பாருங்க." டீச்சர் குச்சிகளைப் பத்துப் பத்தாக எண்ணி, கைப்பையிலிருந்து எடுத்த சிவப்பு ரப்பர் வளையத்தால் கட்டினாள். ஆறு கட்டு. தனியாக இரண்டு குச்சி. "அறுபத்திரண்டு. இதுல முப்பத்தெட்ட எடுக்கணும். ரெண்டு குச்சிலேர்ந்து எட்டு எடுக்க முடியுமா?"

"முடியாது," என்றாள் தவமணி.

"என்ன செய்வோம்?"

"கடன் வாங்குவோம். பன்னெண்டுல எட்டுப் போனா நாலு. வாங்கினதக் கீழ குடுப்போம். மூணு நாலாச்சு. ஆறுல நாலு போனா ரெண்டு. இருபத்திநாலு."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தாள். பஞ்சாலைக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"விடை சரிதான். கீழ ஏன் ஒண்ணு கூட்டினே?"

தவமணி மறுபடியும் அம்மாவைப் பார்த்தாள். டீச்சரும் பார்த்தாள்.

"வாங்கினா திருப்பிக் குடுக்கணும்ல," என்றாள் பஞ்சாலை. "எங்க வாத்தியாரு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு."

"அதுவும் ஒரு முறைதான்க்கா, தப்பில்ல. ஆனா புதுப் பாடத்துல இல்ல. இங்க யாருகிட்டயும் வாங்கல. நம்ம கட்ட நாமளே பிரிக்கிறோம்." டீச்சர் ஒரு கட்டை எடுத்துத் தவமணியின் கையில் கொடுத்தாள். "பிரி."

தவமணி ரப்பரை உருவினாள். பத்துக் குச்சியும் பாயில் சரிந்தன.

"இப்ப கட்டு எத்தன?"

"அஞ்சு!"

"அதான். மேல ஆற வெட்டி அஞ்சுன்னு எழுது. கீழ ஒண்ணும் செய்யாத. பன்னெண்டுல எட்டு நாலு. அஞ்சுல மூணு ரெண்டு."

"இருபத்திநாலு!" தவமணி கத்திவிட்டாள். தெரிந்த விடைதான். இப்போதுதான் கண்டுபிடித்தவள் போலக் கத்தினாள். பூங்காவனத்தின் தம்பி விழித்துக்கொண்டு அழுதான்.

"பாத்தியா, கட்டு ஒடயறது கண்ணுக்குத் தெரியுது," என்றான் முருகையா வாசலிலிருந்து.

"ஒன்ன யாரு கேட்டா?" என்றாள் பஞ்சாலை.

கிளம்பும்போது டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாய்ப்பாடெல்லாம் தண்ணியா சொல்றாக்கா. என் வகுப்புல ஒரு புள்ளைக்குக்கூட இப்படித் தெரியாது. கீழ கூட்டுறத மட்டும் மறக்கடிச்சிட்டாப் போதும்."

பாராட்டுத்தான். பஞ்சாலையின் காதில் கடைசி வாக்கியம் மட்டும் நின்றது. மறக்கடிச்சிட்டாப் போதும்.

டீச்சர் சனிக்கிழமைதோறும் வந்தாள். பெரிய ரோட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கும் நேரத்துக்கு முருகையா சைக்கிளோடு அங்கே நிற்பான். அவள் பையைக் கேரியரில் வைத்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடவே நடந்து வருவான். அந்தச் சனிக்கிழமைகளில் முகச்சவரமும் செய்துகொண்டான்.

"ஏன், திருவிழாவா?" என்று கேட்டாள் பஞ்சாலை.

"சும்மா இருலா. படிச்சவங்க வர்ற வீடு."

"படிச்சவங்க நம்ம வீட்டுல ஏற்கெனவே ஒருத்தி இருந்தா. அவளுக்கு நீ மொகங்கூடக் கழுவினதில்ல."

அவன் சிரித்தான். சிரித்ததால் அவளுக்கு அந்தப் பக்கம் பயமில்லை என்பது உறுதியாயிற்று. அவள் வயிறு எரிந்தது வேறு பக்கத்தில்.

தவமணி இப்போது எழுதும்போது நாலைத் திறந்த தலையோடு எழுதினாள், டீச்சரைப் போல. ஒரு கணக்கு முடிந்ததும் "ஆங், சரியா?" என்றாள். அதுவும் டீச்சருடையது. சனிக்கிழமை காலையில் தானே எழுந்து குளித்தாள். மருந்து குடிக்க அழவில்லை. டீச்சர் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்த வாரத்துக்கு அடுத்த வாரம், "அம்மா, எனக்குக் கனகாம்பரம் வேணும்," என்றாள்.

"நம்ம கொல்லையில செம்பருத்திதான் இருக்கு."

"செம்பருத்தி டீச்சர் வைக்க மாட்டாங்க."

கனகாம்பரம் கொல்லையில் முளைக்காததற்குத் தானே காரணம் என்பது போலப் பஞ்சாலைக்குப் பட்டது. சட்டியைக் கழுவினாள்.

வாரநாளில் மரம் வெட்டி வந்து சோறு தின்றதும் அவள் பாடம் தொடங்கும். அது அவளுடைய நேரம். இரண்டு வருஷமாக அதற்காகத்தான் அவள் வெயிலில் வேகமாக நடந்து வீடு சேர்ந்தாள். ஒருநாள் கதவில் எழுபத்தொன்றிலிருந்து நாற்பத்தைந்து போகக் கொடுத்தாள். தவமணி குச்சிக்கட்டை எடுக்கப் போனாள்.

"குச்சி வேணாம். போடு."

தவமணி மேலே ஏழை வெட்டி ஆறு என்று எழுதினாள். பஞ்சாலை ஈரத்துணியை எடுத்து அதைத் துடைத்தாள்.

"டீச்சர் இப்படித்தான் சொன்னாங்கம்மா."

"டீச்சர் கேட்டா டீச்சர் கணக்கு. நான் கேட்டா என் கணக்கு. ரெண்டு வருஷமா ஒன்ன ஒக்கார வெச்சிச் சொல்லிக் குடுத்தது யாரு? காய்ச்சல்ல கெடக்கும்போது காதுக்குள்ள வாய்ப்பாடு சொன்னது யாரு?"

"நீ."

"அப்ப? வாங்கினதக் கீழ குடு."

தவமணி கீழே கொடுத்தாள். இருபத்தாறு வந்தது.

"சரியா வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சு."

"ஒங்க கணக்குதான் சீக்கிரம் முடியுது அத்த," என்றாள் பூங்காவனம், தம்பியை இடுப்பு மாற்றிக்கொண்டே. "டீச்சருது கட்டு, பிரி, எண்ணு. அதுக்குள்ள இவன் ஒரு குச்சியத் தின்னுர்றான்."

பஞ்சாலைக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பில் ஒரு ருசி இருந்தது. அன்றிலிருந்து வாரநாள் முழுக்க அவள் கணக்கு நடந்தது. பாடம் முடிந்ததும் கதவைச் சுத்தமாகத் துடைத்துவிடுவாள்.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. மரம் நனைந்தால் வெட்டு இல்லை. பஞ்சாலை வீட்டில் இருக்கும் நாட்கள் கூடின. பாடமும் கூடியது.

சோதனைக்கு முந்தின சனிக்கிழமை டீச்சர் முழங்கால் வரை சேறோடு வந்து சேர்ந்தாள். கதவில் வரிசையாகக் கழித்தல் கணக்குகளை எழுதினாள். தவமணி போட்டாள். டீச்சர் பார்த்தாள். முகம் மாறியது.

"அறுபத்திரண்டுல முப்பத்தெட்டுப் போனா பதினாலா? தவமணி, மொத வாரம் இதையே சரியாப் போட்டியேம்மா."

தவமணி நகத்தைக் கடித்தாள்.

"எண்பத்தி மூணுல இருபத்தேழு. நாற்பத்தாறுன்னு போட்டிருக்க. ஐம்பத்தாறுல்ல வரணும்? திரும்பப் போடு பாப்போம்."

திரும்பப் போட்டாள். திரும்பவும் நாற்பத்தாறு.

அடுத்த கணக்கும் தப்பு. அதற்கடுத்ததும் தப்பு. டீச்சர் சாக்கட்டியை வைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள்.

"எனக்கே புரியலக்கா. குச்சி வெச்சா சரியாச் செய்றா. எழுதினா விட்டுர்றா. நாந்தான் எங்கியோ தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கேன் போல. வாரத்துக்கு ஒரு நாள் வந்து..." சாக்கட்டித் தூளைக் கையிலிருந்து தட்டினாள். "பெரிய வாத்தியாரு கழித்தல்தான் முதல்ல கேப்பாரு. இப்படிப் போட்டா முதல் வகுப்புத்தான்."

பஞ்சாலைக்கு உள்ளே ஏதோ குளிர்ந்தது. மறைப்பதற்கில்லை, அது சந்தோஷம். வட்ட வட்டமாக எழுதுகிறவள், பவுடர் வாசம் வீசுகிறவள், சேற்றுக் காலோடு தன் பாயில் தோற்றுப்போய் உட்கார்ந்திருக்கிறாள். அந்தச் சந்தோஷம் ஒரு கோப்பி கலக்கும் நேரம்கூட நிற்கவில்லை. முதல் வகுப்பு என்ற சொல் அதற்குள் காதிலிருந்து உள்ளே இறங்கிவிட்டது.

டீச்சர் எழுந்தாள். "பூங்காவனம், ஒங்கம்மா இருக்காங்களா? ஒன்னப் பத்தியும் பேசணும். வா."

"எங்கம்மா கத்தும் டீச்சர்."

"கத்தட்டும்."

இருவரும் தாழ்வாரத்தோடு நடந்து அடுத்த வீட்டுக்குப் போனார்கள். முருகையா மழையைப் பார்த்துக்கொண்டு வெளியே நின்றான். உள்ளே அம்மாவும் மகளும் கதவும் மட்டும்.

பஞ்சாலை கதவைப் பார்த்தாள். அறுபத்திரண்டு, முப்பத்தெட்டு. மேலே ஆறு வெட்டப்பட்டு ஐந்தாகியிருந்தது. அது டீச்சருடையது. கீழே மூன்றின் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதாக ஒரு புள்ளி இருந்தது. திருப்பிக் கொடுத்ததற்கு அடையாளமாகப் பஞ்சாலை வைக்கச் சொல்லிக் கொடுத்த புள்ளி. மூன்று நாலாகிவிட்டது. ஐந்தில் நாலு போக ஒன்று. பதினாலு.

அடுத்த கணக்கிலும் ஒரு புள்ளி. அதற்கடுத்ததிலும்.

பிள்ளை மறக்கவில்லை. ஒன்றையும் விடவில்லை. இரண்டையும் செய்திருந்தாள்.

"தவமணி, இங்க வா. மேல எதுக்கு வெட்டின?"

"டீச்சர் சொன்னாங்க."

"கீழ எதுக்குக் கூட்டின?"

தவமணி ஓரடி பின்னால் போனாள்.

"அடிக்க மாட்டேன். சொல்லு."

"மேல வெட்டுறது டீச்சருக்கு," என்றாள் தவமணி. "கீழ கூட்டுறது ஒனக்கு."

வெளியே மழை தகரத்தில் கொட்டியது. பஞ்சாலை பாயில் உட்கார்ந்தாள். குச்சிக்கட்டுகளை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். இதுவரை அவற்றை அவள் தொட்டதில்லை. அவள் ஆய்ந்து, சீவி, சேர்த்துக் கட்டிய குச்சிகள்தான். ஆறு கட்டும் இரண்டு குச்சியும் எடுத்து வைத்தாள்.

"பாரு. எட்டு எடுக்கணும். இல்ல. ஒரு கட்டப் பிரிக்கிறேன்." சிவப்பு ரப்பரை உருவினாள். "எட்ட எடுத்தாச்சு. நாலு இருக்கு. இனிமே மூணு கட்டு எடுக்கணும். எடுத்துட்டேன். மிச்சம்?"

"ரெண்டு கட்டு. நாலு குச்சி."

"அவ்வளவுதான். இதுல என்னோட ஒண்ணு எங்க இருக்கு?"

தவமணி பாய் முழுவதையும் தேடுகிறவள் போலப் பார்த்தாள். "இல்ல."

"கட்டப் பிரிச்சா கீழ குடுக்க ஒண்ணும் இருக்காது. ஒண்ணுதான் செய்யணும். ரெண்டையும் செஞ்சா பத்துக் கொறஞ்சிபோவும். டீச்சருத மட்டும் செய்யி."

"அப்ப ஒனக்கு?"

"எனக்கு வேணாம்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"கோவமா?"

"இல்ல," என்றாள் பஞ்சாலை. பொய்தான். எழுந்து ஈரத்துணியால் கீழே இருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். மேலே வெட்டியவற்றைத் துடைக்கவில்லை. "விடையெல்லாம் திருத்து. அவங்க வர்றதுக்குள்ள."

டீச்சர் திரும்பி வந்தபோது தவமணி கடைசிக் கணக்கில் இருந்தாள். டீச்சர் வாசலிலேயே நின்று படித்தாள். இருபத்திநாலு. ஐம்பத்தாறு. எல்லாம் சரி.

"அய்யோ!" டீச்சர் ஓடி வந்து தவமணியைக் கட்டிக்கொண்டாள். "பாத்தீங்களாக்கா? திடீர்னு புடிச்சிக்கிட்டா! சில புள்ளைங்க இப்படித்தான். சொன்னது உள்ள ஊறிக்கிட்டே இருந்து ஒரு நாளைக்கு வெளிய வரும்."

தவமணி டீச்சரின் தோளுக்கு மேலாக அம்மாவைப் பார்த்தாள்.

சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த வாக்கியத்தைத் தொடங்கினால் வாரநாளில் பாடம் நடத்தித் துடைத்த கதவிலிருந்து தொடங்க வேண்டும்.

"ஆமா டீச்சர்," என்றாள் பஞ்சாலை. "நீங்க சொன்னா கேக்குறா."

"பூங்காவனத்தப் பள்ளிக்கு அனுப்ப அவங்கம்மா முடியவே முடியாதுன்னுட்டாங்க," என்றாள் டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இந்த ஒண்ணாவது தேறட்டும்."

"இந்த ஒண்ணு எம்பொண்ணு," என்றாள் பஞ்சாலை. யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

சோதனைக்கு டிராக்டரின் பின்வண்டியில் போனார்கள். முருகையா வேலை மேற்பார்க்கும் மண்டோரிடம் கெஞ்சி வாங்கிய அரைநாள். பள்ளிக்கூடத்து ஆபீஸ் அறைக்குள் தவமணியை மட்டும் கூப்பிட்டார்கள். டீச்சர் வகுப்பில் இருந்தாள். பஞ்சாலை சன்னலோரம் போய் நின்றாள்.

பெரிய வாத்தியார் தாளில் ஏதோ எழுதி நகர்த்தினார். எழுபத்து மூன்று, அதன் கீழே நாற்பத்தெட்டு. சன்னலிலிருந்தே படிக்க முடிந்தது. தவமணி மேலே ஏழை வெட்டினாள். ஆறு எழுதினாள். பதின்மூன்றில் எட்டுப் போக ஐந்து எழுதினாள். பிறகு பென்சில் கீழே இறங்கியது. நாலின் பக்கத்தில் வந்து நின்றது. முனை தாளுக்குக் கொஞ்சம் மேலே.

வேணாம்டி, என்றாள் பஞ்சாலை. சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

பென்சில் மேலே எழும்பியது. தவமணி இரண்டு என்று எழுதினாள்.

இருபத்தைந்து. பஞ்சாலை சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நிம்மதி வந்தது. அதனோடு சேர்ந்து, கையிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டு போனது போலவும் இருந்தது. அந்தப் பென்சில் தன் பக்கம் வந்துவிட்டுத் திரும்பிப் போனதை அவள் தன் கண்ணால் பார்த்தாள்.

பெரிய வாத்தியார் இன்னும் கொஞ்சம் கேட்டார். வாய்ப்பாடு கேட்டபோது தவமணி நிறுத்தவே இல்லை, அவர்தான் கை காட்டி நிறுத்தினார். "மூணாம் வகுப்பு," என்றார் வெளியே வந்து. "யாரும்மா வீட்டுல சொல்லிக் குடுத்தது?"

"டீச்சர்!" என்றாள் தவமணி. சொல்லிவிட்டு ஓடினாள். ஓடக் கூடாது என்று இரண்டு வருஷம் சொல்லி வளர்த்த பிள்ளை, வராண்டா நெடுக ஓடி, மூன்றாவது அறை வாசலில் நின்று, "டீச்சர், பாஸ்!" என்று கத்தினாள். உள்ளேயிருந்து வெளிர்நீலச் சேலை வந்து அவளைத் தூக்கிக்கொண்டது.

"ஓடுறா பாரு," என்றான் முருகையா. கண் கலங்கியிருந்தது. "நல்லா ஓடுறா பஞ்சால."

"ஆமா," என்றாள் பஞ்சாலை. "நல்லாத்தான் ஓடுறா."

பள்ளி திறக்கும் நாளுக்கு முந்தின சாயங்காலம் வீட்டைப் பெருக்கினாள். குச்சிகளையெல்லாம் பொறுக்கி மறுபடி துடைப்பமாகக் கட்டியிருந்தாள். பிடிக்குள் அடங்காமல் முன்பு திமிறிய துடைப்பம், இப்போது மெலிந்திருந்தது. பூங்காவனத்தின் தம்பி தின்றது போக மிச்சம் என்று நினைத்துக்கொண்டாள்.

தவமணி வெளியே பூங்காவனத்தோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"நீ போயிட்டா எனக்கு யாரு கணக்குச் சொல்லுவா?" என்று பூங்காவனம் கேட்பது கேட்டது.

"அம்மாதான். அம்மா கணக்கு சீக்கிரம் முடியும்னு நீதானே சொன்ன?"

பஞ்சாலை பாயை உதறினாள். தலையணையைத் தூக்கினாள். அடியில் ஒரு கட்டு ஈர்க்குச்சி இருந்தது. பத்துக் குச்சி. சிவப்பு ரப்பர் வளையம்.

அதைக் கையில் எடுத்தாள். துடைப்பத்தில் சொருகிவிடலாம் என்று தோன்றியது. அடுப்பில் வைத்துவிடலாம் என்றும் தோன்றியது. அப்புறம் எழுந்து போய், தன் பழைய சேலையிலிருந்து விரலகலத்துக்கு ஒரு துண்டு கிழித்தாள். மஞ்சள் சேலை, கல்யாணத்துக்குப் பின் வந்த முதல் தீபாவளிக்கு எடுத்தது. சிவப்பு ரப்பரை உருவி அடுப்புக்குள் போட்டாள். அது சுருண்டு நாறியது. குச்சிகளைத் துணியால் இறுக்கிக் கட்டி, இரண்டு முடிச்சுப் போட்டு, தலையணைக்கு அடியில் பழையபடி வைத்தாள்.

காலையில் சடை பின்னும்போது தவமணியின் மடியில் அந்தக் கட்டு இருந்தது. புதுப் பைக்குள் வைக்கப் போனவள் நிறுத்தி, மஞ்சள் துணியைத் தொட்டுப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். கட்டைப் பிரிக்காமல், குச்சிகளின் நுனியை ஒவ்வொன்றாக விரலால் தள்ளி எண்ணினாள்.

"பத்து சரியா இருக்கும்மா."

"இருக்கும்," என்றாள் பஞ்சாலை, ரிப்பனை இழுத்து முடிந்துகொண்டே. "நான்தானே கட்டினேன். தலைய ஆட்டாம இரு."